கூடு விட்டுக் கூடு

செயலிழந்த கணினி ஒன்றைத் திறந்து பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். அதன் உறுப்புகள் எல்லாம் ஒரே நாளில் சாவதில்லை. பிராசஸர் ஓடும் நிலையிலேயே காலாவதியாகிவிடும். ராம் நன்றாக இருக்கும், புதிய மதர்போர்டில் பொருந்தாது. ஹார்டு டிஸ்க் முனகி முனகி ஒருநாள் அடங்கும். இரும்புத் தகட்டால் ஆன கூடு மட்டும் தூசி படிந்து, வண்ணம் மங்கி, அப்படியே நின்றுகொண்டிருக்கும். ரிச்சி தெருக் கடைகளில் இந்தக் கூட்டுக்குக் கேபினட் என்று பெயர். அதன் மூலையில் திருகி வைத்திருக்கும் மின்சாரப் பெட்டிக்கு எஸ்.எம்.பி.எஸ். என்று பெயர். நெடுங்காலம் இரண்டையும் ஒரே பொருளாகத்தான் விற்றார்கள். கேபினட் வாங்கினால் எஸ்.எம்.பி.எஸ். உள்ளேயே வரும். அதனால் பழைய கணினியைப் புதுப்பிக்கிறவர்களும் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறார்கள், அல்லது ஒன்றாகவே தூக்கியெறிகிறார்கள். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கவேண்டிய ஒரு சந்தர்ப்பம் எங்களுக்கு வாய்த்தது. அதைப்பற்றித்தான் எழுதத் தோன்றுகிறது.

2021ஆம் ஆண்டின் பிற்பகுதி. பெருந்தொற்றினால் மூடிக்கிடந்த பள்ளிகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன. குத்தம்பாக்கத்தில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து மாலைநேரப் படிப்பறை ஒன்றை நடத்திவந்தோம். ஒன்றரை ஆண்டு காலம் வீட்டில் ஒரே ஒரு செல்பேசியை மூன்று பிள்ளைகள் பங்குபோட்டுப் படித்த வீடுகளிலிருந்து வருகிற பிள்ளைகள். கணினி இருந்தால் நல்லது என்று எல்லோருக்கும் தோன்றியது. அம்பத்தூர் பக்கம் அலுவலகத்தைக் காலி செய்த ஒருவர், எட்டுப் பழைய கணினிகளை மினி வேனில் ஏற்றி அனுப்பிவைத்தார். மானிட்டர் கிடையாது, வெறும் பெட்டிகள். 2005க்கும் 2012க்கும் இடைப்பட்ட காலத்தவை என்று உள்ளே ஒட்டியிருந்த சீட்டுகளிலிருந்து தெரிந்தது.

குத்தம்பாக்கத்தைப் பற்றி இங்கே சற்றுச் சொல்லவேண்டும். பூந்தமல்லிக்கு மேற்கே, திருமழிசையை அடுத்த இந்த ஊரை, கிராமத் தன்னாட்சி பற்றிப் படித்தவர்கள் அறிந்திருப்பார்கள். வேதிப்பொறியாளரான இளங்கோ ரங்கசாமி 1996இல் இங்கே ஊராட்சித் தலைவரானார். அவர் காலத்தில் கட்டப்பட்ட வடிகாலுக்கு, அருகிலிருந்த கல் மெருகேற்றும் ஆலையின் கழிவுக் கற்கள் பயன்பட்டன. செலவு குறைந்தது, ஆனால் அங்கீகரிக்கப்பட்ட திட்டத்தில் இல்லாத பொருள் என்பதால் அவர் பதவிநீக்கத்துக்கே ஆளாகி, ஊர் மக்களின் ஆதரவோடு மீண்டும் பொறுப்புக்கு வந்தார். இவ்வூர்ச் சமத்துவபுரத்தில் தலித் குடும்பமும் தலித் அல்லாத குடும்பமும் ஒரு சுவரைப் பகிர்ந்துகொள்ளும் 50 இரட்டை வீடுகள் இருக்கின்றன. உள்ளூர் மண்ணை அழுத்திச் செய்த கற்கள் அவற்றின் கட்டுமானத்துக்கு உதவின. இன்னொரு பக்கம், இதே ஊரின் மேய்ச்சல் நிலத்தில் நகரத்துக் குப்பையைக் கொட்டத் திட்டம் வந்தபோது, மக்கள் அதை எதிர்த்து நீதிமன்றம் வரை போனார்கள். எனவே, ஒருவர் கழித்ததை இன்னொருவர் எப்போது ஏற்கலாம், எப்போது மறுக்கவேண்டும் என்ற கேள்வி இந்த மண்ணுக்குப் புதிதில்லை. கழிவுக்கல்லை விரும்பி ஏற்ற ஊர்தான் குப்பைமேட்டை மறுத்தது. இரண்டும் ஒரே விவேகத்தின் இரண்டு முகங்கள் என்று நினைக்கிறேன்.

வேனிலிருந்து இறங்கிய எட்டுப் பெட்டிகளும் எங்களிடம் கேட்டது அந்தக் கேள்வியைத்தான்.

*

முதலில் கூடு.

1984இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ஏ.டி. கணினியின் அமைப்பைப் பின்பற்றியே பத்தாண்டுக்கு மேலாகக் கூடுகள் செய்யப்பட்டன. அந்தக் கூடுகளில் முகப்பில் இருக்கும் சுவிட்சுக்கே 230 வோல்ட் நேரடியாக வரும். 1995இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்ற புதிய அளவுமுறையை வெளியிட்டது. மதர்போர்டு 305க்கு 244 மில்லிமீட்டர், திருகுத் துளைகள் இன்னின்ன இடத்தில், பின்பக்கத்தில் செருகுமுனைகளுக்கான திறப்பு 158.75க்கு 44.45 மில்லிமீட்டர் என்று எல்லாம் வரையறுக்கப்பட்டன. இரண்டாண்டுகள் கழித்து வந்த மைக்ரோ ஏ.டி.எக்ஸ்., 244க்கு 244 என்று சுருங்கினாலும், துளைகளின் இடத்தை மாற்றவில்லை. அதன்பின் பிராசஸர்கள் எத்தனையோ தலைமுறை மாறிவிட்டன. அந்தத் துளைகள் மட்டும் 30 ஆண்டுகளாக இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

வெண்பாவை நினைத்துக்கொள்ளலாம். ஈற்றடி முச்சீர், ஏனைய அடி நாற்சீர், தளை பிறழக்கூடாது என்ற கட்டு எத்தனை நூற்றாண்டாக இருக்கிறது! அந்தக் கட்டுக்குள் நீதியும் சொன்னார்கள், வசையும் சொன்னார்கள், இன்றைக்குச் செல்பேசியையும் பாடலாம். கூடு பழையது என்பதால் பொருள் பழையதாகிவிடுவதில்லை. 2006இல் செய்த கேபினட்டுக்குள் இந்த ஆண்டு வந்த மதர்போர்டை வைத்தால், அது தன் வீட்டுக்கு வந்ததுபோல் உட்காருகிறது. முகப்புச் சுவிட்சின் இரண்டு கம்பிகள் அன்றும் இன்றும் அதே இரண்டு ஊசிகளில்தான் செருகப்படுகின்றன.

கவனிக்கவேண்டிய சில உண்டு. மதர்போர்டைத் தாங்கும் பித்தளைக் கால்களில், புதிய போர்டின் துளைக்கு நேராக வராதவற்றைக் கழற்றிவிடவேண்டும். இல்லாவிட்டால் போர்டின் அடிப்பக்கத்தைத் தொட்டுக் கெடுத்துவிடும். பழைய கூடுகளில் பின்பக்க விசிறி 80 மில்லிமீட்டர்தான், காற்றோட்டம் குறைவு. மின்சாரப் பெட்டி மேல்தட்டில் இருப்பதால் பிராசஸரின் சூடு அதற்குள் ஏறும். நீளமான கிராபிக்ஸ் கார்டுகளுக்கு இடம் போதாது. ஆனால் கணக்கும் தமிழும் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு அந்தக் கார்டு வேண்டியதில்லை. எட்டுக் கூடுகளில் மூன்று, ஏதோ ஒரு மழைவெள்ளத்தில் நின்றவை போலும், அடித்தகடு துருவேறி விரல் பட்டால் உதிர்ந்தது. ஐந்து நன்றாக இருந்தன. சோப்பு நீரில் கழுவி வெயிலில் காயவைத்தோம். மாட்டுப் பொங்கலுக்கு மாடுகளைக் குளிப்பாட்டுவது போல இருந்தது என்று ஒருவர் சிரித்தார்.

*

அடுத்தது எஸ்.எம்.பி.எஸ். சிக்கல் இங்கேதான்.

கூடு வெறுமனே நின்றுகொண்டிருக்கிறது. இந்தப் பெட்டியோ ஒவ்வொரு கணமும் உழைக்கிறது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை உள்வாங்கி, ஏறக்குறைய 325 வோல்ட் நேர்மின்சாரமாக்கி, விநாடிக்குப் பல பத்தாயிரம் முறை வெட்டி வெட்டி, 12, 5, 3.3 வோல்ட்டுகளாகப் பிரித்துக் கொடுக்கிறது. அந்த வெட்டுகளின் அலையைச் சமன்செய்வது உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள். ரேடியோ மெக்கானிக்குகளின் மொழியில் கண்டென்சர். சிறிய அலுமினிய டப்பாக்கள், உள்ளே ஈரம். அந்த ஈரம் ஆண்டுக்கணக்கில் மெல்ல வற்றுகிறது. பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் நடைமுறைக் கணக்கு. நமது சித்திரை வெயிலில், விசிறியும் தூசியால் அடைபட்ட ஒரு பெட்டிக்குள் என்ன நடக்கும் என்று விளக்கவேண்டியதில்லை. போதாததற்கு, 2000களின் முற்பாதியில் உலகெங்கும் தரங்கெட்ட கெப்பாசிட்டர்கள் பரவி, தலை புடைத்து வெடித்துக்கொண்டிருந்தன.

இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. பழைய கணினிகள் பெரும்பாலும் 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் பசியாறின. 2000இல் பென்டியம் 4 வந்தபோது, பிராசஸருக்கென்று 12 வோல்ட் தரும் தனியான நான்குமுனைச் செருகி வந்தது. 2003இல் 20 முனைப் பெரிய செருகி 24 முனையானது. பளு முழுவதும் 12 வோல்ட்டுக்கு நகர்ந்தது. 2013இல் வந்த பிராசஸர்கள் ஓய்வுநேரத்தில் மிகக் குறைந்த மின்சாரமே எடுத்துக்கொண்டதால், அத்தனை சிறு பளுவைத் தாங்கத் தெரியாமல் சில பழைய பெட்டிகள் தாமாகவே அணைந்துபோயின. அதிகம் கேட்டாலும் தவறு, குறைவாகக் கேட்டாலும் தவறு என்ற நிலை.

மேலே ஒட்டியிருக்கும் சீட்டையும் நம்புவதற்கில்லை. எங்களிடம் வந்த ஒன்றில் 450 வாட் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட்டுக்கு 14 ஆம்பியர். பெருக்கினால் 168 வாட். மிச்சமெல்லாம், இன்றைய கணினி அதிகம் தொடாத தடங்களின் கணக்கு. கையில் தூக்கிப் பார்த்தால் காலி டப்பா போல் இருந்தது. நல்ல எஸ்.எம்.பி.எஸ். கனமாக இருக்கும். இது எழுதப்படாத, ஆனால் பெரும்பாலும் பொய்க்காத விதி.

எங்களுக்குத் துணை நின்றவர், ஆவடியில் எலெக்ட்ரீஷியனாக வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர். எனக்கு அண்ணன் முறை சொல்லிப் பழக்கம். மின்சாரத்தைத் தொட்டு நாற்பது ஆண்டு வாழ்ந்தவர் ஆகையால், அதனிடம் அவருக்கு அலட்சியம் கிடையாது. பெட்டிகளை மின்னிணைப்பிலிருந்து விலக்கி ஒருநாள் முழுதும் சும்மா வைத்திருந்தபின்தான் திறந்தார். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கக்கூடும், பிளக்கைப் பிடுங்கிவிட்டோம் என்பதால் அது வெறுமையாகிவிடாது.

ஒன்றில் மூன்று கெப்பாசிட்டர்கள் தலை புடைத்திருந்தன. ஒன்றில் பல்லி முட்டைகள். ஒன்றில் விசிறி சுற்றவேயில்லை. மற்றவற்றில் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் இணைத்து உயிர்ப்பித்து, ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கைப் பளுவாகக் கொடுத்து, மல்டிமீட்டரை வைத்தார். 12 வோல்ட் தடத்தில் 11.40க்கும் 12.60க்கும் இடையே நிற்கவேண்டும். இரண்டு நின்றன. மூன்று, பளு ஏற ஏறத் தாழ்ந்தன.

“ரெண்டு நல்லாக்கீது தம்பி. ஆனா இன்னிக்கி நல்லாக்கீது. நாளைக்கி எப்பிடின்னு மீட்டரு சொல்லாது” என்றார்.

*

அன்று மாலை எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் நடந்தது. கையில் இருந்த பணம் குறைவு. புதிய, நம்பத்தகுந்த எஸ்.எம்.பி.எஸ். ஒன்று 2,300 ரூபாய் சொன்னார்கள். ஐந்துக்கு 11,500. அறுநூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது, அது பழசைவிட மோசம். நண்பர் ஒருவர் கேட்டார்: “ஓடுகிறவரை ஓடட்டுமே. நம் வீட்டில் எல்லாம் பத்து வருடம் ஓடவில்லையா? இனாமாக வந்ததில் குறை பார்க்கலாமா?”

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. கிராபிக்ஸ் கார்டு இல்லாத ஒரு சாதாரணக் கணினி நூறு வாட்டுக்குள் அடங்கிவிடும். தேறிய இரண்டும் அதைத் தாராளமாகத் தரும். என் மேசையில் இருக்கும் கணினியில் பழைய எஸ்.எம்.பி.எஸ். வைப்பதென்றால் நானும் யோசித்திருக்கமாட்டேன். என் பொருள், என் வீடு, மூச்சு முட்டினால் பிளக்கைப் பிடுங்க நான் பக்கத்தில் இருக்கிறேன். ஆனால் பிறர் பிள்ளைகள் உட்காரும் அறைக்கு அந்தக் கணக்கு செல்லாது. பழைய கூடு தோற்றுப்போனால் நிறம் மங்கும், கதவு சரியாக மூடாது. பழைய எஸ்.எம்.பி.எஸ். தோற்றுப்போனால் தன்னோடு மதர்போர்டையும் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போகலாம், புகையலாம்.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். இடிக்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகளின் நிலைகளும் தூண்களும் கதவுகளும் அங்கே விற்பனைக்கு இருக்கும். நூறு வயதான நிலைக்கதவைப் புது வீட்டில் பெருமையாக வைக்கிறோம். அதே வீட்டின் பழைய ஒயரிங்கைப் பிடுங்கிவந்து புதுச் சுவரில் யாரும் பதிப்பதில்லை. கதவை மறுபடி பயன்படுத்துவது சிக்கனம். ஒயரை மறுபடி பயன்படுத்துவது சிக்கனம் போலத் தோன்றும் வேறொன்று.

கொடுப்பதைப் பற்றி ஒரு சங்கடமான எண்ணமும் எனக்கு இருந்தது. இல்லாதவர்களுக்குப் பழையது போதும் என்பதில் ஒரு மனக்கோணல் ஒளிந்திருக்கிறது. பழையது என்பதனால் அல்ல. நமக்கு வேண்டாம் என்று நாம் தீர்மானித்த ஆபத்தையும் சேர்த்து அவர்கள் தலையில் ஏற்றிவிடுகிறோம், அவர்களும் இனாம் என்பதால் கேள்வி கேட்கக் கூசுகிறார்கள். கூட்டைக் கொடுக்கலாம். அபாயத்தைக் கொடுக்கக்கூடாது. கடைசியில் அந்த நண்பரே, இரண்டு மாதம் பொறுத்தாவது புதிதாக வாங்கிவிடுவோம் என்று சொல்லி முதல் ஆயிரத்தை எடுத்துவைத்தார்.

*

கேள்வி கேட்கக் கூசாத ஒருவரும் இருந்தார். ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண்ணைக் கூட்டிவிட வந்த அம்மா, வாசற்படியிலேயே நின்று வரிசையாக அடுக்கியிருந்த கூடுகளைப் பார்த்தார்.

“எல்லாம் இரும்பு பெட்டியா இருக்கே சார். பசங்க செருப்ப வெளியவுட்டுட்டுத்தான் வருதுங்க. ஷாக் அடிக்காதா?”

எலெக்ட்ரீஷியன் அண்ணன் சட்டென்று நிமிர்ந்தார். “அத்தான்மா மொதல்ல பாக்கணும்” என்று சொல்லி, தன் பையிலிருந்து டெஸ்ட் லாம்பை எடுத்தார். சுவரில் இருந்த மூன்றுமுனை பிளக் பாயின்டில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வைத்தால் பல்பு எரிந்தது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே வைத்தால் எரியவில்லை. மேல்துளை பேருக்கு இருந்தது, பின்னால் கம்பியே இல்லை. வாடகைக் கட்டடங்களிலும் பழைய வீடுகளிலும் இது அபூர்வமல்ல.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மின்னிரைச்சலை அடக்குவதற்காக எஸ்.எம்.பி.எஸ். ஒவ்வொன்றிலும் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் இரும்புக் கூட்டுக்கு இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் இணைக்கப்பட்டிருக்கும். எர்த் கம்பி இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கூடு முழுவதும் மின்னழுத்தத்தின் பாதியில், அதாவது 115 வோல்ட் அளவில் மிதந்துகொண்டிருக்கும். மின்னோட்டம் மிகச் சிறியதாகையால் உயிருக்கு ஆபத்தில்லை, வெறுங்காலோடு தொட்டால் சுருக்கென்று கூசும். ஆனால் உள்ளே ஏதாவது பழுதாகி ஃபேஸ் கம்பி நேரடியாகக் கூட்டைத் தொட்டுவிட்டால், எர்த் இல்லாத வீட்டில் அந்த மின்சாரத்துக்கு வழி, தொடுகிறவரின் உடம்புதான். எஸ்.எம்.பி.எஸ். புதியதா பழையதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரும் கேள்வி.

ஆக, கணினி கட்டுவதற்கு முன்னால் நாங்கள் குழி தோண்டினோம். கட்டடத்துக்குப் பின்புறம், கிணற்றடிப் பக்கம், ஈரம் தங்கும் இடமாகப் பார்த்து இரும்புக் குழாயை இறக்கி, சுற்றிலும் மரக்கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, தண்ணீர் ஊற்ற வாய் வைத்து மூடினார் அண்ணன். தடித்த கம்பி உள்ளே போனது. மறுநாள் டெஸ்ட் லாம்பை வைத்தபோது ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே பல்பு பளிச்சென்று எரிந்தது. கூலி இல்லாமல் பொருட்செலவு மட்டும் 3,500 ரூபாய். பழைய கூடுகளைப் பயன்படுத்தியதில் மிஞ்சியது, கேபினட் ஒன்றுக்கு 1,800 என்று வைத்தால் 9,000. எர்த் போக மீதி 5,500. எஸ்.எம்.பி.எஸ். செலவில் ஏறத்தாழப் பாதியை அதுவே தாங்கியது. எதை மறுபடி பயன்படுத்தலாமோ அதைப் பயன்படுத்தினால்தான், எதைப் புதிதாக வாங்கவேண்டுமோ அதற்குப் பணம் இருக்கும் என்று அந்தக் கணக்கு எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

*

கழித்த எஸ்.எம்.பி.எஸ்.களின் கதையையும் சொல்லிவிடவேண்டும். காயலான் கடைக்குப் போட்டால் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். பிறகு எங்கேயோ ஒரு பொட்டல்வெளியில், செம்புக்காக ஒயர்களைக் கொளுத்துவார்கள். பிளாஸ்டிக் உறை எரிகிற அந்தக் கரும்புகையை மேற்குப் புறநகரில் மாலைவேளைகளில் பார்த்தவர்கள் இருப்பார்கள். சுவாசிப்பதும் இந்தப் பிள்ளைகள் வயதை ஒத்தவர்கள்தாம். மின்னணுக் கழிவுக்கென்று இந்தியாவில் 2011இல் முதல் விதிகள் அறிவிக்கப்பட்டு 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. 2016இல் திருத்தி எழுதப்பட்டன. 2022இல் வெளியான புதிய விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கின்றன. பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் தரவேண்டும் என்பது இவற்றின் சாரம். துருவேறிய மூன்று கூடுகள் வெறும் இரும்பு, அவை பழைய இரும்புக்குப் போயின. தேறாத ஆறு எஸ்.எம்.பி.எஸ்.களையும் கட்டி, பதிவுபெற்ற ஓரிடத்தில் ஒப்படைத்தோம். எடைக்குக் கிடைத்திருக்கும் பணத்தைவிட, வண்டி வாடகை கூடுதல். குப்பைமேட்டை எதிர்த்த ஊரிலிருந்து கொண்டுபோய் இன்னொரு ஊரில் எரிக்கக் கொடுப்பதற்கு மனம் ஒப்பவில்லை.

தேறிய இரண்டை அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒன்றில் 12 வோல்ட் எல்.இ.டி. பட்டையை எரியவிட்டு, தன் பட்டறை மேசைக்கு வெளிச்சம் செய்துகொண்டிருக்கிறார். அதுவும் மறுபயன்பாடுதான். கெட்டால் என்ன ஆகும் என்று தெரிந்த ஒருவர், தானே பக்கத்தில் உட்கார்ந்து பயன்படுத்துகிறார்.

சித்தர்கள் கூடு விட்டுக் கூடு பாய்ந்த கதைகளைச் சிறுவயதில் கேட்டிருக்கிறோம். திருமூலரின் கதையில், மேய்ப்பனின் உடம்பு அவருக்கு அப்படிக் கிடைத்த ஒன்று. பாய்கிற உயிர் நல்லதாக இருந்தால், கூடு யாருடையதாக இருந்தால் என்ன என்பதே அந்தக் கதைகளின் நம்பிக்கை. எங்கள் ஐந்து கணினிகளும் ஏதோ ஓர் அலுவலகத்தின் முத்திரையை இன்னும் நெற்றியில் சுமந்துகொண்டிருக்கின்றன. ஒட்டியிருந்த சீட்டுகளைப் பிய்க்கப் போனபோது பிள்ளைகள் வேண்டாம் என்றார்கள். ஒன்றில் “கணக்குப் பிரிவு” என்று எழுதியிருக்கிறது. கணக்கு வராதவர்கள் அதில்தான் உட்காரவேண்டும் என்பது அவர்களாக வைத்துக்கொண்ட விதி.

கோடை தொடங்கியதும் எர்த் குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றவேண்டும். மண் காய்ந்தால் அதன் காவல் தளர்ந்துவிடும். அந்த வேலையை யார் செய்வது என்று முறைபோட்டுச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள்.